ஐஸ்பெட்டிக் குழுவின் விருந்தாளிகள்

ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல வார்த்தை எழுதத்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆனால் முந்தாநாள் உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அண்ணை, ஒரு பாட்டிலை பாடின ஆளின்ரை குரலை மட்டும் கழட்டிப்போட்டு வேறை ஆளை வைக்கிறதுக்கு இப்ப சுகமான வழி இருக்காமே?"

இருக்கிறது. இப்போதைய கருவிகள் அதைச் செய்துவிடும். ஆனால் அவருக்குப் பதில் சொல்லாமல் நான் எழும்பி உள்ளே போய்விட்டேன். கேட்ட பிள்ளையின் மேல் கோபமில்லை. பாடின ஆளைக் கழற்றுவது என்பது தேய்ந்த டயரைக் கழற்றுவதைப் போன்ற காரியம் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்கள் மேல்தான் கோபம். ஆகவே நல்ல வார்த்தையைப் பிறகு பார்க்கலாம். ஐஸ்பெட்டிக் குழுவின் கதையைச் சொல்கிறேன். எந்த மைக்கை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். மைக்கை மூடு என்று ஒருவன் வந்து சொல்லும்போது என்ன செய்வது என்று சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஐஸ்பெட்டி என்பது நாலு பேர் சேர்ந்த ஒரு றொக் இசைக்குழு. எங்கள் பக்கத்தில் இசைக்குழு என்றால் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்கள் என்றுதான் அர்த்தம். இவர்கள் சொந்தப் பாட்டுத்தான் பாடுவோம் என்று நின்றார்கள். கிற்றார் வாசித்த ஜெறாட் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன், மெட்டுகள் அவனுடையவை. ட்ரம்ஸ் அடித்த டெனிஸ் நாயாற்றில் வலை போடுகிறவன். பேஸ் கிற்றார் ரூபன் புதுக்குடியிருப்பு ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தான். பாடினது செல்வி, முழுப் பெயர் செல்வராணி. தர்மபுரத்துப் பிள்ளை, ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் விரட்டப்பட்டு, வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பாட்டுகளின் வரிகளை எழுதியதும் செல்விதான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிலருக்கு இது மறந்துபோகும்.

நான் முதன்முதல் அவளுடைய குரலைக் கேட்டது கொக்கிளாய்ப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில், பெருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் செபத்தில், நவநாள் ஒன்றில். ஒலிபெருக்கி என்னுடைய பொறுப்பு. பூசை முடிந்து இவர்கள் மேடையேறும்போது கரையில் நின்ற ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "தம்பி, ஒரு குழாய் ஸ்பீக்கரைத் தண்ணிப் பக்கம் திருப்பிவிடுங்கோ. தொழிலுக்குப் போனவையும் கேக்கட்டும்" என்றார். அந்தக் கரையில் அது வழக்கம். திருப்பிவிட்டேன். செல்வி பாடினாள். மறுநாள் காலையில் மீன் இறக்கியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஆரப்பா அந்தப் பிள்ளை?" எந்த ஊர், யாருடைய வழி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் பிறகுதான் வந்தார்கள். அவர்கள் கடலில் இருந்து வரவில்லை.

பாட்டுகளைப் பதிவு செய்தது ஒரு ஐஸ் பக்டரியில். ஜெறாட்டின் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி மீனுக்கு ஐஸ் அடிக்கிற பக்டரி ஒன்று இருந்தது. அதில் பழைய குளிர் அறை ஒன்றைப் பாவிக்காமல் விட்டிருந்தார்கள். சுவர் அவ்வளவு தடிப்பு. கதவை மூடினால் வெளிச் சத்தம் உள்ளே வராது, காற்றும் வராது. குழுவுக்குப் பெயர் வந்ததும் அந்த அறையால்தான். பெரிய இயந்திரம் ஓடும்போது தரை அதிரும், ஒன்றும் செய்ய முடியாது. அது நிற்கிற இடைவெளிகளில் வேர்த்து வழிய வழிய உள்ளே நின்று பதிவு செய்தோம். இடைவேளைச் சாப்பாடு ஜெறாட்டின் வீட்டில். அவனுடைய தாய் சமைப்பா, செல்வி மீன் வெட்டிக் கொடுப்பாள். கடல் மீன் வெட்டிப் பழக்கமில்லாத பிள்ளை, முதல் நாள் கையெல்லாம் முள்ளுக் குத்திக்கொண்டு வந்து நின்றது எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

நாலு பேரும் ஒரே அறைக்குள் நின்று வாசித்தால் எல்லாருடைய சத்தமும் எல்லா மைக்கிலும் ஏறும். ஆகவே செல்வியை வெளியே நடையில் நிறுத்திப் பாட வைக்கலாம் என்று சொன்னேன். டெனிஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

"அது சரிவராது அண்ணை."

"ஏன்?"

"அவ எங்கை மூச்சு எடுக்கிறா, எங்கை இழுக்கிறா எண்டு பாத்துத்தான் நான் அடிக்கிறனான். அவவின்ரை முகம் தெரியாட்டி எனக்கு அடி வராது."

உண்மைதான். அவனுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அடிக்க வராது. செல்வி ஒரு வரியில் அவசரப்பட்டால் அவனும் அவசரப்படுவான், அவள் நின்றால் நிற்பான். அந்தப் பாட்டுகளின் உயிர் அங்கேதான் இருந்தது. ஆகவே செல்வியை டெனிஸுக்கு நேர் முன்னால், அவனுடைய மைக்குகளுக்குக் கைதொடும் தூரத்தில் நிறுத்தினேன். கிற்றார் மைக்குகளைத் தள்ளி வைத்தேன், ட்ரம்ஸில் அவள் குரல் ஏறட்டும் என்று விட்டேன். படித்த ஒலிப்பதிவாளர் யாரும் அப்படிச் செய்ய மாட்டார் என்று எனக்கே அப்போது தெரியும்.

குழு ஏன் பிரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வவுனியாவில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. வெளிநாட்டிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுவை அங்கே அழைத்துப் போய்ப் பாட வைக்கிற எண்ணம் அவருக்கு இருந்தது. ஜெறாட் மேடையில் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினான். செல்வியிடம் வரும்போது, "எங்கடை முல்லைத்தீவின்ரை மகள்" என்று கையை நீட்டினான். அவள் மைக்கைப் பிடித்து, சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, நான் தர்மபுரம். எங்கப்பா பதுளப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவரு" என்றாள். மண்டபம் கை தட்டியது. நான் ஒலி மேசையில் நின்றதால் முன் வரிசை முழுதும் எனக்குத் தெரிந்தது. தயாரிப்பாளரின் முகம் சுருங்கியதைக் கண்டேன்.

நிகழ்ச்சி முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் சாமான் ஏற்றும்போது சண்டை தொடங்கியது. "அதை ஏன் இஞ்சை சொன்னனீ?" என்று ஜெறாட் கேட்டான். "எத மறைக்கணும்னு நீ சொல்லு, மறைச்சிட்டுப் போறேன்" என்று செல்வி கேட்டாள். அவன் கிற்றார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்குப் போனான். எப்படிச் சொல்வான்? அத்துடன் சரி. செல்வி தொழிற்சாலைக்குப் போனாள், டெனிஸ் கடலுக்குப் போனான், ரூபன் வவுனியாவில் ஒரு வேலை தேடிக்கொண்டான். வெளிநாட்டுப் பயணம் யாருக்குமே கிடைக்கவில்லை.

குழு செத்த பிறகுதான் பாட்டுகளுக்கு உயிர் வந்தது. ஒருவருடைய கைத்தொலைபேசியிலிருந்து இன்னொருவருடையதுக்குப் போய், புதுக்குடியிருப்பு பஸ்களில் எல்லாம் ஓடத் தொடங்கின. அப்போது அந்தத் தயாரிப்பாளருக்கு மறுபடி ஞானம் பிறந்தது. ஐஸ்பெட்டியின் சிறந்த பாடல்கள் என்று ஒரு தொகுப்பு. இணையத்திலும் வரும், இறுவட்டாகவும் வரும். கிளிநொச்சியில் வெளியீட்டு விழா. மண்டபம் எடுத்து, நாளும் அறிவித்துவிட்டார்கள். பழைய பதிவுகள் எல்லாம் என் கையில் இருந்ததால் ஜெறாட் என்னுடைய ஒலிப்பதிவுக் கலையகத்துக்கு வந்தான்.

ஒரே ஒரு மாற்றம் என்றான். பாட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும், குரல் மட்டும் வேறு.

இப்படியான இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்று, தலையை ஆட்டிவிட்டுச் செய்வீர்கள். இல்லாவிட்டால் சத்தம் போட்டு ஆளை வெளியே அனுப்புவீர்கள். இரண்டும் பிழை. வெளியே அனுப்பினால் அடுத்த தெருவில் இன்னொரு கலையகம் இருக்கிறது. நான் செய்தது ஒன்றுதான்: ஏன் என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கேவலமான வேலையைச் செய்யச் சொல்கிறவர்கள் காரணத்தைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய வாயாலேயே அதை வெளியே எடுக்க வேண்டும்.

ஜெறாட் நெளிந்தான். பிறகு தயாரிப்பாளரைத் தொலைபேசியில் எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தான்.

"அண்ணை, அந்தப் பிள்ளை நல்லாப் பாடும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்றார் அவர். "ஆனால் உச்சரிப்பு எங்கடை ஆக்களுக்கு ஒத்துவராது. கொஞ்சம் தோட்டத்து வாடை அடிக்குது. நாங்கள் இதை வன்னியின்ரை குரல் எண்டு சொல்லித்தான் வெளியிலை விடப்போறம். அதுக்கு வன்னிப் பிள்ளை ஒண்டு வேணும்."

"செல்வி வன்னியிலை பிறந்தவா" என்றேன்.

"நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கும்."

"விளங்கேல்லை. விளங்கப்படுத்துங்கோ."

அவர் விளங்கப்படுத்தவில்லை. வெளியீட்டு நாள் நெருங்குகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். இத்தனை இடப்பெயர்வு, இத்தனை இழப்பு, ஒரே கூடாரத்துக்குள் ஒன்றாகப் படுத்தெழும்பின நாட்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒரு மனிதன் எங்கோ குளிர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, தர்மபுரத்தில் பிறந்த பிள்ளை வன்னிப் பிள்ளை இல்லை என்கிறான். அவன் வன்னியில் எத்தனை மழை நனைந்திருப்பான்?

ஜெறாட்டைப் பார்த்தேன். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "எனக்கு இது கடைசிச் சந்தர்ப்பம் அண்ணை" என்றான். "நான் போட்ட மெட்டெல்லாம் பஸ்சிலையே செத்துப்போகும்." அவனும் கெட்டவன் இல்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் ஆத்திரம் தருகிற விஷயம். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுகமாக முடிந்திருக்கும்.

"சரி, பாடப் போற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா" என்றேன். நான் ஏன் சம்மதித்தேன் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கு அந்தக் குளிர் அறை நினைவில் இருந்தது.

வந்த பிள்ளையின் பெயர் ஆரணி. இசை முறையாகப் படித்த பிள்ளை, நல்ல குரல், நல்ல பணிவு. அவளுக்கு யாரும் எதையும் சரியாகச் சொல்லியிருக்கவில்லை. பழைய பாடகி விலகிவிட்டா, மறுபடி பாட விருப்பமில்லை என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றாள். நான் செல்வியின் மைக்கில் பதிவானதை முற்றாக மூடிவிட்டுப் பாட்டை ஓடவிட்டேன்.

ஆரணி இரண்டு வரி பாடினாள். நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி நிறுத்தினாள்.

"அங்கிள், பழைய குரலை நிப்பாட்டேல்லைப் போல."

"நிப்பாட்டிட்டன் பிள்ளை."

"இல்லை, கேக்குது."

ஜெறாட் எழும்பி வந்து மேசையைப் பார்த்தான். செல்வியின் மைக் மூடித்தான் இருந்தது. நான் ஒவ்வொன்றாக மூடினேன். கிற்றாரை மூடினேன், பேஸை மூடினேன். ட்ரம்ஸ் மட்டும் மிஞ்சியது. அதை ஸ்பீக்கரில் போட்டேன். டெனிஸின் அடிக்கு நடுவில், தெளிவாக, ஆனால் அறையின் அந்தப் பக்கம் நின்று பாடுவதைப் போல, செல்வி பாடிக்கொண்டிருந்தாள். வரிக்கு வரி, மூச்சுக்கு மூச்சு. ட்ரம்ஸை மூடினால்தான் அவள் போவாள். ட்ரம்ஸை மூடினால் பாட்டே இல்லை.

ஆரணி ஹெட்போனைக் கழற்றி மைக் தாங்கியில் மாட்டினாள்.

"அந்த அக்கா இன்னும் உள்ளுக்கை நிண்டு பாடிக்கொண்டிருக்கிறா" என்றாள். "நான் எங்கை நிக்கிறது?"

"அவா உண்மையிலை விருப்பமில்லையெண்டு சொன்னவவோ?" என்று என்னைக் கேட்டாள். "அவவை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன். அவள் ஜெறாட்டை ஒரு பார்வை பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள், என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். தொழிலில் நான் கண்ட மரியாதையான பாடகிகளில் அவளும் ஒருத்தி.

அப்போதும் விடவில்லை. ட்ரம்ஸை மறுபடி அடித்தால் சரிதானே என்று தயாரிப்பாளர் சொன்னார். ஜெறாட் நாயாற்றுக்குப் போய் டெனிஸைக் கூட்டிவந்தான். கடலில் இருந்து வந்த கோலத்திலேயே, சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான் அவன். விஷயத்தைக் கேட்டான்.

"செல்வி வாறாவோ?"

"இல்லை. வேறை ஆள் பாடும்" என்றான் ஜெறாட்.

"அப்ப என்னை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீ? அவ பாடினதுக்குத்தான் நான் அடிச்சனான். அவ இல்லாமல் எந்த இடத்திலை அடிக்கிறதெண்டு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது." வாசல்வரை போய்த் திரும்பினான். "உனக்கு வெக்கமா இல்லையே ஜெறாட்? அவ உன்ரை வீட்டிலை சாப்பிட்டவ."

கணினியில் ட்ரம்ஸ் அடித்துப் பார்த்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். வேறு ஓர் இடத்தில் செய்து கொண்டுவந்தார்கள். அடி சுத்தமாக இருந்தது. ஆனால் ஜெறாட்டின் கிற்றார் டெனிஸைப் பின்தொடர்ந்து வாசித்தது, டெனிஸ் செல்வியைப் பின்தொடர்ந்து அடித்தவன். கணினி யாரையும் பின்தொடரவில்லை. கிற்றார் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம் என்று இழுபட்டது. ஜெறாட் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான், பாதியில் எழும்பிப் போய் நிறுத்தினான். விழாவுக்கு மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழ் போயிற்று. கடைசியில் பழைய குரலே இருக்கட்டும் என்று தயாரிப்பாளர் சொன்னார்.

நீதி வென்றுவிட்டது என்று கை தட்டாதீர்கள். அவர்களுடைய மனம் மாறவில்லை. கழற்ற முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தை நீங்கள் தொழிலில் படிக்க வேண்டும். ஏனென்றால் கழற்ற முடியாத ஆளை அவர்கள் அடுத்ததாக வேறு விதத்தில் சின்னதாக்கப் பார்ப்பார்கள்.

செல்விக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். தொழிற்சாலை முடிந்து, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பஸ்சில் வந்து இறங்கினாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஒரு பாட்டை முழுதாகப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்த ட்ரம்ஸ மட்டும் போடுங்கண்ணே" என்றாள். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கொஞ்சம் தூரமா கேக்குது" என்றாள். "ஆனா நான்தான்."

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசிக்கு இறுவட்டின் முகப்புப் படம் வந்தது. அச்சுக்குப் போக முன் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முன்பக்கத்தில் ஜெறாட், கிற்றாருடன். பின்பக்கத்தில் பெயர்கள். குழு: ஜெறாட், டெனிஸ், ரூபன். அதற்குக் கீழே, ஓர் இடைவெளி விட்டு, சின்ன எழுத்தில்: விருந்தினர் குரல், செல்வராணி.

நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கப் பார்த்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். முதல் தடவை வாசித்தபோது விளங்காதவளைப் போல இன்னொரு தடவை வாசித்தாள்.

"விருந்தாளியா?"

தொலைபேசியை என் கையில் திருப்பித் தந்தாள்.

"எல்லாப் பாட்டும் நான் எழுதுனது. எல்லாப் பாட்டும் நான் பாடுனது. நான் விருந்தாளியா?" குரல் உடையவில்லை, உயர்ந்தது. "எங்க தாத்தாவ மலையில இருந்து தொரத்துனாங்க. இங்க வந்து காட வெட்டினாரு. சண்டைக்கு ஓடினோம், முகாம்ல கெடந்தோம், திரும்பி அதே காணிக்குத்தான் வந்தோம். நான் பொறந்தது இங்கண்ணே. விருந்தாளின்னா வந்துட்டுப் போகணும்ல? நான் எங்க போறது?"

இரண்டு பெண்கள் ஒரே கலையகத்தில் நின்று ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருத்தி நிற்க இடம் கேட்டாள், மற்றவள் போக இடம் கேட்டாள். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே தயாரிப்பாளர்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு வந்த முதல் யோசனை, பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டுப் போய்ப் படுப்பது. கோபத்தில் வருகிற முதல் யோசனையைச் செய்யாதீர்கள். அழித்தால் அழிவது செல்வியின் குரல்தான். நான் டெனிஸுக்குத் தொலைபேசி எடுத்து முகப்பை வாசித்துக் காட்டினேன். மறுபக்கத்தில் காற்றுச் சத்தம் கேட்டது, கரையில் நின்றிருப்பான் போல.

"அவ விருந்தாளியெண்டால் என்னையும் விருந்தாளியெண்டு போடச் சொல்லுங்கோ" என்றான். "நானும் சும்மா வந்து அடிச்சிட்டுப் போனனான்தானே."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அது பிடித்துக்கொண்டது. ரூபனுக்கு எடுத்தேன். அவன் ஒரு நிமிடம் சிரித்தான், பிறகு, "என்னையும் போடுங்கோ அண்ணை, எழுத்திலை தாறன்" என்றான். நான் முகப்பு செய்கிறவர்களுக்குத் திருத்தம் அனுப்பினேன். விருந்தினர் குரல், விருந்தினர் ட்ரம்ஸ், விருந்தினர் பேஸ். கடைசியில் என்னுடையது, விருந்தினர் ஒலிப்பதிவு. குழு: ஜெறாட். இது அந்தந்த ஆட்களின் விருப்பம், இப்படிப் போடாவிட்டால் டெனிஸ், ரூபன், நான் மூன்று பேரும் எங்கள் பெயரை முழுதாக எடுக்கச் சொல்வோம் என்றும் எழுதினேன். தயாரிப்பாளர் அவசரத்தில் இருந்தார். பெயர் விஷயத்தில் யார் தங்களைத் தாங்களே சின்னதாக்கிக் கொண்டாலும் அவருக்குச் சந்தோசம்தான். சம்மதித்தார். ஜெறாட் பார்த்தானா, பார்த்தும் வாய் திறக்கவில்லையா, எனக்குத் தெரியாது.

விழாவுக்கு முன்பே அந்த முகப்பை இணையத்தில் போட்டு விளம்பரம் செய்தார்கள். அதுதான் நான் எதிர்பார்த்தது. எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும். சோகத்தில்கூட நக்கலை விடாத சனம். அன்று பின்னேரமே தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்காரன் தனிய நிற்கிறான், பந்தி பரிமாற ஆள் இல்லையோ என்று ஒருவர் எழுதினார். விருந்தாளிகள் எல்லாம் பாடி முடித்துப் போன பிறகு இவர் கிற்றாரைத் துடைப்பாரோ என்று இன்னொருவர். கொக்கிளாயில் குழாய் ஸ்பீக்கரைத் திருப்பச் சொன்ன பெரியவரின் மகன், அந்த நவநாளில் எடுத்த படத்தைப் போட்டான். நாலு பேரும் ஒன்றாக நிற்கிற படம். அதற்குக் கீழே அவன் ஒன்றும் எழுதவில்லை.

இவ்வளவும் ஜெறாட்டை அசைத்திருக்காது. அவனை அசைத்தது அவனுடைய தாய். இதை அவனே பிறகு வந்து எனக்குச் சொன்னான், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தொலைபேசியில் முகப்பைக் காட்டி வாசித்திருக்கிறது. மனுசி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குசினியிலிருந்து அருவாளுடன் வெளியே வந்ததாம்.

"அந்தப் பிள்ளை என்ரை குசினியிலை குந்தியிருந்து மீன் வெட்டினவள். கை முழுக்க முள்ளு, நான்தான் எடுத்துவிட்டனான். விருந்தாளியோடா மீன் வெட்டுறது? ஆரை நீ விருந்தாளியெண்டு போட்டனீ? இண்டைக்கு இந்த வீட்டிலை உனக்குச் சோறில்லை, போ."

அவன் போனது நேராகத் தர்மபுரத்துக்கு. அங்கே என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அது அவர்களுடைய விஷயம். அடுத்த நாள் அவன் தயாரிப்பாளருக்கு எடுத்து, நான் பக்கத்தில் நிற்கும்போதே, முகப்பு மாறாவிட்டால் தன் மெட்டு ஒன்றும் வெளியே வராது என்று சொன்னான். அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் அச்சான முகப்பில் விருந்தாளிகள் இல்லை. குழு என்று நாலு பெயர். பாட்டும் குரலும் செல்வராணி என்று முதல் வரியில். வன்னியின் குரல் என்ற சொல்லை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டோம். இப்போது அது சரிதானே.

குழு மறுபடி சேர்ந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. வெளியீட்டு விழாவில் நாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். உடைந்ததை ஒரு முகப்பு ஒட்டிவிடாது. விழா முடிந்து போகும்போது செல்வி என்னிடம், "பேரு வந்திருச்சுண்ணே. அந்த ட்ரம்ஸ்ல இருக்கிறத மட்டும் அழிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்சுக்கு ஓடினாள்.

அழிக்கவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அன்று செல்வியை வெளியே தள்ள விடாமல் தடுத்தது நானில்லை. அந்தக் குளிர் அறை தடுத்தது. ட்ரம்ஸுக்குள் ஏறின குரலை எடுக்க அன்று எங்களிடம் வழி இருக்கவில்லை, அதனால் அவர்கள் தோற்றார்கள். இன்று வழி இருக்கிறது. ட்ரம்ஸுக்குள் இருக்கிற குரலையும் சுத்தமாகத் துடைத்துத் தருகிற கருவியை உங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். அந்தத் தயாரிப்பாளரைப் போன்றவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்களுடைய தொலைபேசி உங்களுக்கும் வரும். இனி அறை தடுக்காது. நீங்கள் தடுத்தால்தான் உண்டு.

சைக்கிளில் வந்து கேட்ட பிள்ளைக்கு: உங்கள் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லாமல் உள்ளே போனது உங்கள் மேல் கோபத்தில் இல்லை. அந்த ட்ரம்ஸ் பதிவு என்னிடம் இருக்கிறது. வாருங்கள். வேறொன்றையும் போடாமல் அதை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். முழுதும் கேட்டு முடித்த பிறகு, சுகமான வழி எது என்று மறுபடி என்னைக் கேளுங்கள்.